இடது, வலது, மல்லாக்க

முதலில் அதை நான் சூட்டுக் கொப்புளம் என்றுதான் நினைத்தேன். சித்திரை வெயில். அந்த மாதத்தில் கோவில்பட்டியில் உடம்பில் கொப்புளம் இல்லாத ஆளைத்தான் தேட வேண்டும். என் கணவருக்கு வேட்டி மாற்றும்போது பார்த்தேன். வால் எலும்பு முடிகிற இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு திட்டு. சுற்றியிருந்த தோலைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தது. தொட்டால் அந்த இடம் மட்டும் கதகதவென்று இருந்தது.

இப்படிப்பட்ட இடம் சிவந்திருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் நிறத்துக்குச் சிவப்பெல்லாம் எங்கே தெரியப்போகிறது? உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கறுப்பைத் தேடுங்கள். சூட்டைத் தேடுங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் கொஞ்சமாவது மாறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்தது விளாத்திகுளம் பக்கம், கட்டிக்கொடுத்தது கோவில்பட்டியில். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எனக்குக் கோபம் முன்னால் வரும், நான் பின்னால் வருவேன் என்று கேலி செய்வார். அந்தக் கேலி போன ஐப்பசியோடு நின்றது. காலையில் பல் துலக்கப் போனவர் வாளியோடு சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது (மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சொல்ல வேண்டியது மனசில் இருக்கும், வாயில் வார்த்தை வராது).

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் நான்தான் பார்த்தேன். எனக்கு முதுகில் டிஸ்க் விலகல். ஒரு நாள் அவரைத் தூக்கி உட்கார வைக்கப்போய் இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எடுத்தார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் முருகன் வந்து, ஊருக்கு வெளியே உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தான். புருஷனைக் கொண்டுபோய் விட்டுவிட்டாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். நான் தினமும் காலையில் ஷேர் ஆட்டோ ஏறிப் போய், பொழுது சாய்கிற வரை அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சேர்த்த முதல் வாரமே அவர் கட்டிலிலிருந்து எழ முயன்று விழுந்தார். புருவத்தில் நாலு தையல். நான் போய்ச் சத்தம் போட்டேன். "ஆள் விழுற வரைக்கும் என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க? கட்டிப் போட வேண்டியதுதானே?" என்று கேட்டது நான். வாயால் கேட்டதோடு நிற்கவில்லை. நாடா வைத்துக் கட்டினால் உடம்பில் அறுக்கும் என்று, அவருடைய பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து, பட்டையாக மடித்துத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு பகல் முழுவதும் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, இடுப்பைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்தார்கள். அவர் கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே சரிவார். தோல் மேலே நிற்கும், எலும்பு கீழே இறங்கும். புண்ணுக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

அந்தக் கறுத்த திட்டைப் பார்த்ததும் தேங்காய் எண்ணெய் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டேன். மறுநாளும் தேய்த்தேன். மூன்றாம் நாள் தோல் கொஞ்சம் வழன்றிருந்தது. அந்த இடம் மெத்தையில் படக் கூடாது, அவ்வளவுதானே என்று யோசித்தேன். சின்ன வயதில் கோடையில் ஊர்க்கிணறு வற்றிவிட்டால் இரண்டு காடு தாண்டிப் போய்த் தலையில் குடம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவள் நான். சும்மாடு கூட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பழைய நூல் சேலையை முறுக்கி, வளையமாகச் சுற்றி, புண் நடுவில் வருகிற மாதிரி அவருக்கு அடியில் வைத்தேன். எங்கும் படாமல் அந்தரத்தில் நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை. உதவிக்கு இருக்கும் மாரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்ல யோசனைம்மா" என்றாள் அவளும்.

அந்த ஹாலைப் பார்க்கும் நர்ஸ் ஜெயராணி, எங்களுக்கு ராணி, குளத்தூர்க்காரி. மகள் சடங்கு என்று பத்து நாள் லீவில் போயிருந்தாள். திரும்பி வந்த அன்றைக்கு அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தாள்.

"எம்மா, இதை யாரு வச்சா?"

"நான்தான். ஏன், நல்லாத்தானே இருக்கு?"

அவள் சும்மாட்டை உருவி எடுத்தாள். அடியில் தோல் இல்லை. நடுவில் கறுப்பாக, தோல் செருப்பு மாதிரி கெட்டியாக ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் ஈரம். வாடை வந்தது.

"தலையில வச்சா குடம் நிக்கும், சரி. இங்கன இந்த வளையம் சுத்தி இறுக்கிப் பிடிக்கும்மா. நாலாபக்கமும் வாய்க்கால அடைச்சிட்டா நடுவுல உள்ள பாத்திக்குத் தண்ணி எப்படிப் பாயும்? ரத்தம் போவல. சதை செத்துப்போச்சு. எண்ணெய் போட்டுத் தேய்ச்சீங்களா?"

தலையை ஆட்டினேன். தப்பு எண்ணெயில் இல்லை, தேய்த்ததில். நசுங்கிக் கிடந்த சதையை நானே மேலும் நசுக்கியிருக்கிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்கைப் புண் என்றார்கள் (நெடுநேரம் ஒரே இடம் அழுந்திக்கிடந்து, ரத்தம் ஓடாமல் சதை அழுகிப்போவது). டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார். முடித்துவிட்டு வந்து, "எலும்புக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருக்கு. எலும்புல சீழ் வச்சுதுன்னா ஆளைக் காப்பாத்தறது கஷ்டம்" என்றார். மருந்து எழுதிக்கொடுத்தார். ஆனால் மருந்தைவிட மூன்று காரியம் முக்கியம் என்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முட்டையும் பருப்பும் வயிற்றுக்குள் போக வேண்டும். கட்டிவைத்து உட்காரவைக்கவே கூடாது.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை அவித்துக் கொடுத்தவள், வீட்டு மனுஷனுக்குக் கஞ்சியை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வெராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். கட்டச் சொன்னதும் நான், சும்மாடு வைத்ததும் நான். அவருக்கு வாய் இருந்திருந்தால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

இல்லத்துக்குத் திரும்பி வந்ததும் காற்று மெத்தை வாங்கிப் போட்டோம் (மோட்டார் வைத்து, அறை அறையாகக் காற்று மாறி மாறி ஏறி இறங்கும்). மெத்தை இருந்தாலும் திருப்பிப் போடுவது நிற்கக் கூடாது என்றாள் ராணி. திருப்புகிற அட்டை ஒன்று கட்டில் காலடியில் ஏற்கெனவே தொங்கியது. எட்டு மணி இடது, பத்து மணி வலது, பன்னிரண்டு மல்லாக்க என்று ஒழுங்காக எழுதியிருக்கும். பகலெல்லாம் கட்டி உட்காரவைத்திருந்த மனுஷனை எப்போது இப்படித் திருப்பினார்கள் என்று ஒரு நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போது மணி பகல் ஒன்றரை. அட்டையில் சாயங்காலம் ஆறு மணி வரை எழுதியிருந்தது.

முப்பது வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கண் இது. என்னை ஏமாற்ற முடியுமா? ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. அத்தனை நாளும் அப்படியேதான். திங்கள் முதல் வெள்ளி வரைக்கான முட்டைக் கணக்கை வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் இப்படி உட்கார்ந்து இழுத்திருக்கிறேன். மேலிருந்து பார்க்க வருகிறவர்களுக்குக் காகிதம் நிறைந்திருந்தால் போதும் என்று பழகிய கை.

விடுவேனா? மாரியம்மாளைக் கூப்பிட்டு ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

"எம்மா, என்னைய என்ன செய்யச் சொல்லுதீங்க? இந்த ஹால்ல ஆறு கட்டிலு. பகல்ல நான் ஒருத்தி. ஐயா கனத்த உடம்பு. ஒத்தையில புரட்டுனா என் இடுப்புப் போயிரும். எழுதலைன்னா அண்ணாச்சி ஏசுதாவ. எழுதிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வேறென்ன செய்திருப்பேன்?

அன்று சாயங்காலம் ராணி, மாரியம்மாள், நான் மூன்று பேரும் இல்லத்தை நடத்தும் அண்ணாச்சியிடம் போனோம். கெட்டவர் இல்லை, பயந்த மனுஷன். மூன்று விஷயம் ஒத்துக்கொண்டார். திருப்பின பிறகுதான் எழுத வேண்டும். திருப்பாவிட்டால் "திருப்பவில்லை" என்று எழுதலாம், அதற்கு ஏச்சு கிடையாது. பகலில் இன்னொரு ஆள். அந்த ஆள் வருகிற வரை, பார்க்க வருகிற வீட்டுக்காரர்கள் ஒரு கை கொடுப்போம் என்று நானே மற்றக் கட்டில்காரர்களிடம் போய்ப் பேசினேன். எனக்கு இதெல்லாம் வரும்.

ராணி எங்களுக்குப் பழக்கிக் கொடுத்தாள். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கி நகர்த்த வேண்டும். ஆளைத் தரதரவென்று இழுக்கக் கூடாது. முழுசாக ஒருக்களிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சாய்த்தால் போதும். குதிகாலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்க வேண்டும். முதல் வாரம் அட்டையில் "திருப்பவில்லை" என்று நிறைய விழுந்தது. அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் இல்லாத காகிதம்.

கட்டு மட்டும் பாக்கி. அவிழ்த்தால் எழுவார், எழுந்தால் விழுவார். படுத்திருந்தாலும் அவர் எழ முயல்கிறார் என்று வேட்டிப் பட்டை இடுப்பில் இருந்துகொண்டே இருந்தது.

"அவிய எதுக்கும்மா எந்திரிக்காவ?" என்று ராணி கேட்டாள்.

"மூளையில அடிபட்ட மனுஷன். நிலை இல்ல, எந்திரிக்காவ."

"எந்தெந்த நேரம்?"

அது எனக்குத் தெரியவில்லை. பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். எப்போது எழப் பார்த்தார், அதற்கு முன்னால் என்ன நடந்தது. இதிலும் சேர்த்து எழுதக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்போதைக்கப்போதே எழுதினேன். மூன்று நாள் போனது. நோட்டை ராணி ஒரு தரம்தான் பார்த்தாள்.

"காலையில டீ குடிச்சு அரை மணி நேரம். மத்தியானம் சாப்பிட்டு முக்கால் மணி நேரம். சாயங்காலம் டீ குடிச்சு அரை மணி நேரம். எம்மா, அவியளுக்கு ஒண்ணுக்கு வருது."

"அதுக்கென்ன? பேம்பர்ஸ் போட்டிருக்குல்லா, அதுல போக வேண்டியதுதானே?"

"நீங்க போவீங்களா?"

மதுரையிலிருந்து கோவில்பட்டி வருகிற வரை பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வருவாரே தவிர, வழியில் இறங்கி ஓரத்தில் ஒதுங்காத மனுஷன் அவர். டிப்போவில் உடம்பெல்லாம் கிரீஸோடு நின்றாலும் வீட்டுக்கு வரும்போது சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். ஆறு கட்டில் உள்ள ஹாலில், துணியிலேயே போகச் சொன்னால் எழாமல் என்ன செய்வார்? இது முதலில் எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் டீ குடித்துக் கால் மணி நேரத்தில், அவர் எழுவதற்கு முன்னாலேயே மாரியம்மாளும் நானும் தூக்கிக் கழிப்பறை நாற்காலியில் உட்காரவைத்துத் திரையை இழுத்துவிட்டோம். வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு போனார். போய்முடித்து அவர் தேம்பினது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது. மாரியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வேட்டிப் பட்டையை அவிழ்த்தோம். கட்டிலின் காலைக் கழற்றி உயரத்தைக் குறைத்தார்கள். தரையில் ஒரு பழைய மெத்தையைப் போட்டார்கள்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனி மாதம் ஒரு காலையில், மாரியம்மாள் வரத் தாமதமாகி, அவர் தானாக எழுந்து சரிந்துவிட்டார். நெற்றியில் வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு. பழைய மெத்தை இருந்ததால் அதோடு போனது. அண்ணாச்சி சம்மதக் கடிதத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முருகன் திருப்பூரிலிருந்து போனில் கத்தினான்.

"எம்மா, கட்டச் சொல்லும்மா! தலையில அடிபட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்யுது?"

அவன் பயம் பொய்யில்லை. அதே பயத்தில்தான் நானும் வேட்டியைக் கிழித்தேன். கட்டினால் விழமாட்டார், ஆனால் புண் எலும்புக்கு இறங்கும். கட்டாவிட்டால் புண் ஆறலாம், ஆனால் நாளைக்கே விழுந்து போனாலும் போகலாம். இரண்டில் எதற்குக் கையெழுத்துப் போடுவது? கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கடிதத்தைப் பார்த்தார். இடது கையால் வேட்டியை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாரோ உருவப்போகிற மாதிரி.

"எய்யா முருகா," என்றேன். "உங்க அப்பா அத்தனை வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்துக் கெடந்து எந்திரிச்ச மனுஷன். அவியள மாட்டக் கட்டுற மாதிரி கட்டுனவ நான். ஒரு தடவ செஞ்சது போதும். விழுந்தா என் பொறுப்பு. நீ என்னைய ஏசு, கேட்டுக்கிடுதேன்."

கடிதத்தின் குறுக்கே "கட்ட வேண்டாம்" என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அடுத்த ஒரு மாதம் போன் அடித்தாலே இல்லத்து நம்பரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

புண் ஆறுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மேலே மூடிக்கொண்டு ஆறுவதில்லை. அடியிலிருந்து மேலே நிரம்பி வருகிறது. மருந்துத் துணி மாற்றும்போதெல்லாம் ராணி என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "பாருங்கம்மா, செக்கச்செவேல்னு சதை வந்திருக்கு. இது நல்ல சிவப்பு" என்பாள். ஆடியில் ஒரு வாரம் நின்றுபோனது, காய்ச்சல் வந்தது, ஆவணியில் திரும்ப ஆரம்பித்தது. அவர் தினம் இரண்டு முட்டை தின்றார். புரட்டாசியிலும் தின்றார், பெருமாள் மன்னித்துக்கொள்வார். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க, கை கால் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிக்காரர் பழக்கினார். இப்போது அந்த ஹாலில் யாருக்கும் இடுப்பில் கட்டுக் கிடையாது. எங்களுக்குப் பிறகு அங்கே சேர்ந்தவர்களில் யாருக்கும் இந்த மாதிரிப் புண் வரவில்லை. ராணி மூச்சுக்கு மூச்சு "இதுவரைக்கும்" என்று சேர்த்துச் சொல்கிறாள்.

எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. நேரம் என்பது எனக்கு இரண்டு மணி இரண்டு மணியாக உடைந்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் என் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து எடையை மாற்றிக்கொள்ளும். பஸ்ஸில் அசையாமல் தூங்குகிறவர்களைப் பார்த்தால் தட்டி எழுப்பத் தோன்றும். மனுஷ உடம்பு ஒரு நாளைக்கு எத்தனை முறை தனக்குத் தானே புரண்டு கொடுக்கிறது என்று இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, வலது பக்கமாக, சுவரைப் பார்க்கப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, அட்டையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை அசத்திவிட்டது. விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று. இரண்டு மணியைத் தாண்டி ஒரு மணி நேரம். புண் இருந்த இடத்தில் தோல் மூடி ஒரு வாரம்தான் ஆகிறது. "அய்யோ, பாவி" என்று என்னையே ஏசிக்கொண்டு எழுந்தேன்.

தலையணை தரையில் கிடந்தது. அவர் இடது பக்கமாக, என்னைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. யாரும் வந்து திருப்பவில்லை. மாரியம்மாள் அந்தக் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களா திரும்பினீங்க?" என்று கேட்டேன்.

அவர் கம்பியை விட்டுக் கையை எடுத்தார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக இரண்டு தரம் அமர்த்திக் காட்டினார். நீ தூங்கு என்கிறார்.

நான் நாற்காலியில் சாய்ந்து, மணி பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.